மம்மல் பொழுதில் ஆடாத வீடியோ: மூன்று சின்னக் கெமராக்கள், ஒரு கொழும்பு

கொழும்பில் சூரியன் வருடம் முழுக்க மாலை ஆறு மணியை ஒட்டித்தான் மறைகிறது. அதற்குப் பிறகு மம்மல் வெளிச்சம் நிற்பது ஏறக்குறைய இருபது நிமிடம். காலிமுகத்திடலில் இறால் வடைத் தட்டுகளுக்கு மேல் பல்புகள் எரியத் தொடங்கும், பின்னால் கடலும் வானமும் ஒரே நீலமாகும். இந்த ஊர் மிக அழகாக இருப்பது அப்போதுதான் என்பது என் எண்ணம். அதனால் ஒரு சின்னக் கெமரா வாங்க யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல, எந்த நேரத்தில் அதிகம் எடுக்கப்போகிறீர்கள் என்பதை. உச்சி வெயிலைச் சமாளித்துவிட்டால், பகலில் மூன்றுமே நன்றாக எடுக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும்.

நான் ஒப்பிடுவது இவை: 2020-இல் வந்த சோனி இசட்வி-1, 2023-இல் வந்த கோப்ரோ ஹீரோ 12 பிளாக், அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த டிஜேஐ ஒஸ்மோ பொக்கெட் 3. சோனி என்னுடையது. மற்ற இரண்டும் உறவினரிடமும் நண்பரிடமும் வாங்கிப் பல நாட்கள் பாவித்தவை. மூன்றும் சட்டைப் பைக்கோ சின்னத் தோள்பைக்கோ அடங்கும். ஆனால் நடுக்கத்தை அடக்கும் வழி மூன்றிலும் வேறு வேறு.

கோப்ரோ முழுக்க மின்னணு முறையை நம்புகிறது. சென்சார் பிடித்த படத்தின் ஓரங்களை வெட்டி, ஒவ்வொரு ஃப்ரேமையும் கை அசைந்ததற்கு எதிர்த் திசையில் நகர்த்தி வைக்கும். சோனியில் லென்ஸுக்குள் கொஞ்சம் ஒளியியல் உதவி இருக்கிறது, அதற்கு மேல் 'ஆக்டிவ்' என்ற மின்னணு முறை. பொக்கெட் 3-இல் கெமராத் தலையே மூன்று மோட்டார்களில் தொங்குகிறது, இந்த அமைப்பைத்தான் கிம்பல் என்பார்கள். கை திரும்பினாலும் தலை திரும்பாது.

இந்த வித்தியாசம் ஏன் பெரியது என்பதை ஓர் ஆடிவேல் திருவிழா நாளில்தான் உணர்ந்தேன். செட்டியார் தெருவில் இருந்து வரும் தேர் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டியை நெருங்கும்போது இருட்டிவிட்டது. அன்று என்னிடம் இருந்தது கனடாவில் இருக்கும் அக்கா கொண்டுவந்து தந்த ஓர் ஆக்ஷன் கெமரா. தேரோடு சேர்ந்து நடந்தபடியே எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், படம் ஆடவில்லை, ஆனால் தேரில் இருந்த ஒவ்வொரு விளக்கும் புழுப் போல நெளிந்தது. கூடவே திரை முழுக்கக் கருப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடின. அந்த வருடத் தேர் எனக்கு அப்படியேதான் மிஞ்சியது.

அதில் இருந்தவை இரண்டு கோளாறுகள். முதலாவது நெளிவு. இரவில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி, 1/30 நொடி என்று நீளும். அவ்வளவு நேரத்துக்குள் கை அசைந்தால் ஒரே ஃப்ரேமுக்குள் விளக்கு கோடாக இழுபட்டுவிடும். பிறகு ஃப்ரேமை எவ்வளவு நேராக நகர்த்தி வைத்தாலும் அந்தக் கோடு அழியாது. ஷட்டரை 1/200-க்கு ஏற்றினால் கோடு குறையும், ஆனால் சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏறிப் படம் மணல் மணலாகும். கிம்பலில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. ஷட்டர் திறந்திருக்கும் அந்த நொடித் துண்டிலேயே லென்ஸ் திரும்பாமல் நிற்பதால் விளக்கு புள்ளியாகவே பதிகிறது. பொக்கெட் 3-இல் ஒரு அங்குல சென்சாரும் எஃப் 2.0 என்ற அகலத் துவார லென்ஸும் சேர்ந்திருப்பதால், மம்மலில் நடந்தபடி எடுப்பதில் மற்ற இரண்டும் அதன் கிட்டவும் வராது. தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

இரண்டாவது கோளாறு அந்தப் பட்டைகள். இதைத் தீர்க்க எந்தக் கெமராவிலும் காசு செலவில்லை. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது நம் விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. கனடாவிலும் அமெரிக்காவிலும் 60 ஹேர்ட்ஸ். வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவரும் கெமராக்கள் பல அந்த 60 அமைப்பிலேயே, நொடிக்கு 30, 60 ஃப்ரேமில்தான் வந்து சேரும். மெனுவில் என்டிஎஸ்சி (NTSC, 60-க்கான முறை) என்று இருப்பதைப் பால் (PAL, 50-க்கான முறை) என்று மாற்றுங்கள், கோப்ரோவில் ஆன்டி ஃபிளிக்கரை 50 ஆக்குங்கள். பிறகு 25 அல்லது 50 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. ஸ்லோ மோஷனுக்கு 120-ஐ விட்டு 100-ஐப் பிடியுங்கள். செட்டியார் தெரு நகைக்கடை விளக்குகளுக்குக் கீழே இந்த ஒரு மாற்றம் போதும், காட்சி அமைதியாகிவிடும்.

கிம்பல் என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அது திரும்பலைத்தான் தடுக்கிறது, நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்குவதைத் தடுக்காது. முழங்காலைக் கொஞ்சம் மடித்து, குதிகாலை முதலில் வைத்து விரலுக்கு உருட்டி, ததும்பும் பாலைக் கொண்டுபோவது போல நடக்க வேண்டும். காலிமுகத்திடல் நடைபாதை இதைப் பழக நல்ல இடம். நீளமாக, நேராக, சமமாக இருக்கும். 50 ஃப்ரேமில் எடுத்து 25-இல் ஓடவிட்டால் மிச்சமிருக்கும் துள்ளலும் பாதி வேகத்தில் மெதுவாகி மிதப்பாகத் தெரியும்.

சரி, அப்படியென்றால் சோனியை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன்?

ஸூமுக்காக. பொக்கெட் 3-இன் லென்ஸ் 20 மில்லிமீற்றருக்குச் சமமான ஒரே அகலம், அதற்கு மேல் டிஜிட்டல் ஸூம்தான். இசட்வி-1-இல் 24 முதல் 70 வரை உண்மையான ஸூம் இருக்கிறது, எண் கூடக் கூடத் தூரத்து முகம் கிட்ட வரும். வெள்ளவத்தையில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் மணவறையைச் சுற்றி வழக்கம்போலப் பெரிய கூட்டம். பொம்பிளையின் அம்மா பக்கத்தில் வந்து, "தம்பி, பிள்ளையின்ட முகம் தெரியுதோ?" என்று கேட்டார். 70-இல் வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கழுத்துப் பட்டியை இறுக இழுத்துப் பிடித்து நின்றேன். கலங்கிய பின்னணியில் அந்த முகம் மட்டும் தெளிவாக வந்தது. 20 மில்லிமீற்றரில் அந்த இடத்தில் நின்றால் மாமாக்களின் முதுகுகள்தான் கிடைத்திருக்கும். நின்ற இடத்தில் இருந்து முகங்களை எடுப்பவர்களுக்கு இன்றும் நான் சோனியைத்தான் சொல்வேன். நடந்து எடுப்பவர்களுக்கு மாட்டேன். 'ஆக்டிவ்' போட்டதும் ஓரங்கள் வெட்டுப்பட்டு, கையை நீட்டித் தன்னையே எடுப்பவரின் முகம் திரையை அடைத்துவிடுகிறது. பற்றரியும் சின்னது. மத்தியான வெயிலில் தொடர்ந்து 4கே எடுத்தால் உடல் சூடாகும், அதனால் துண்டு துண்டாக எடுப்பதே நல்லது.

மத்தியானத்தில் சோனிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. அசைவு இயல்பாகத் தெரிய 25 ஃப்ரேமுக்கு 1/50 ஷட்டர் வேண்டும். நம் ஊர் உச்சி வெயிலில் எஃப் 2.0-இல், ஐஎஸ்ஓ 100-இல் சரியான ஷட்டர் ஏறக்குறைய 1/6400. ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தியால் வெட்டியது போல இருக்கும், புறக்கோட்டையில் சுமை இழுக்கும் நாட்டாமையின் தள்ளுவண்டிச் சில்லு தத்தித் தத்திச் சுற்றும். அதை 1/50-க்கு இறக்க ஏழு ஸ்டொப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், ஒரு ஸ்டொப் என்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது. சோனியில் மூன்று ஸ்டொப் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி, உள்ளேயே இருக்கிறது. லென்ஸின் துவாரத்தையும் எஃப் 8-க்கு மூடினால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். பொக்கெட் 3-இல் துவாரத்தை மூட வழியில்லை, காந்தத்தில் ஒட்டும் என்டி 64 அல்லது 128 ஃபில்டரைத் தனியாக வாங்கத்தான் வேண்டும். அதை வாங்காமல் பகலில் தெரு எடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோப்ரோவைக் குறைத்துச் சொல்லிவிட்டேனோ என்று படுகிறது. மழையில் அதுதான் அரசன். உறை எதுவும் இல்லாமல் 10 மீற்றர் தண்ணீருக்குள் போகும். கொழும்பின் ஒக்டோபர், நவம்பர் பின்னேர இடிமழையில் நான் வெளியே எடுக்கத் துணிவது அதை மட்டும்தான். கோட்டையில் இருந்து வெள்ளவத்தைப் பக்கம் கடலோரமாகப் போகும் ரயிலில் பெட்டி எப்படிச் சரிந்தாலும் அதன் ஹொரைசன் லொக் அடிவானத்தை நேராக வைத்திருக்கும். ஓட்டோவுக்குள்ளும் அப்படித்தான், வெளிச்சம் இருக்கும் வரைக்கும். பொக்கெட் 3-இன் மோட்டார்கள் திறந்தபடி இருப்பவை. காலிமுகத்திடலில் அலை வேகமாக அடிக்கும் நாளில் உப்புச் சாரல் படும் தூரத்தில் அதை நீட்ட மனம் வருவதில்லை. ஏசி அறையில் இருந்து வெளியே வந்தால் மூன்றின் கண்ணாடியிலும் பனி படியும். பைக்குள்ளேயே பதினைந்து நிமிடம் விட்டுப் பிறகு எடுங்கள்.

புதிதாக விளையாடிப் பார்ப்பதற்கு பொக்கெட் 3-இல்தான் அதிகம் கிடைக்கிறது. மோஷன்லாப்ஸில், அதாவது தலை நகர்ந்தபடியே எடுக்கும் டைம்லாப்ஸில், தலையை மெல்லத் திரும்பவிட்டு, தாமரைக் கோபுரத்தின் நிறங்கள் பேர வாவித் தண்ணீரில் மாறுவதை அரை மணி நேரம் எடுத்துப் பாருங்கள். திரையைத் திருப்பினால் செங்குத்துப் படம், திரும்பவும் திருப்பினால் கிடை. இது சின்ன வசதிதான், ஆனால் தெருவில் ஒரு காட்சியைத் தவறவிடாமல் இருக்க உதவியது.

முதல் கெமரா, நடந்து எடுக்கும் ஆசை, மாலை நேரம் என்றால் பொக்கெட் 3. வீட்டு விசேஷங்கள்தான் முக்கியம் என்றால் இசட்வி-1. கடல், மழை, சைக்கிள் என்றால் கோப்ரோ. வாங்குவதற்கு முன் பம்பலப்பிட்டிக் கடைகளில் ஏதாவது ஒன்றில் காட்சிக்கு வைத்திருப்பதைக் கையில் கேளுங்கள். 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வைத்து, கடையின் இருண்ட மூலையை நோக்கிப் பத்து அடி நடந்து எடுங்கள். அதைக் கெமராவின் சின்னத் திரையில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கார்டைக் கழற்றி அங்கேயே ஒரு லெப்டொப்பில் போட்டுக் காட்டச் சொல்லி, பின்னால் எரியும் விளக்குகளைப் பாருங்கள்.