எல்லாக் குழந்தைக்கும் தேர்வா, சிலருக்கு மட்டுமா?

அமெரிக்காவில் இரண்டு வகைத் தேர்வுகளும் நடக்கின்றன, அதனால் ஒப்பிட வசதி.

ஒன்று, மாநிலத் தேர்வு. 2002-இல் கையெழுத்தான சட்டம், 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை எல்லாரும் ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வெழுத வேண்டும் என்றது. போதிய முன்னேற்றம் காட்டாத பள்ளிகள்மீது அந்தச் சட்டப்படி நடவடிக்கையும் இருந்தது. தேர்வில் வராத ஓவியமும் இசையும் ஓரத்துக்குப் போயின. எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேர்வு நாளன்று வயிற்றைக் கலக்குகிறது. ஆசிரியர் நிலைமையும் சுகமில்லை. அட்லாண்டாவில் மாணவர்களின் தவறான விடைகளை ஆசிரியர்களே மாற்றி மதிப்பெண்ணை ஏற்றியது அம்பலமாகி, 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. செய்தது தவறுதான். அந்த அளவுக்குத் தள்ளிய நெருக்கடியையும் பார்க்க வேண்டாமா?

இன்னொன்று, 1969-இல் தொடங்கிய தேசிய மதிப்பீடான 'நேப்'. சில பள்ளிகளில் சில மாணவர்கள் மட்டும் எழுதுகிறார்கள், அதுவும் வினாக்களில் ஒரு பகுதியைத்தான். தனி மதிப்பெண் கிடையாது. பிறகு யார் பயிற்சி வகுப்பு வைக்கப் போகிறார்கள்?

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பள்ளியில் ஏழைப் பிள்ளைகளோ மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோ பின்தங்குவதை, இப்படிச் சிலரை மட்டும் மாதிரியாக எடுத்துப் பார்க்கும் மாதிரித் தேர்வு காட்டாது. மாநிலத் தேர்வு அதை மறைக்கவிடவில்லை. இதை லேசாக ஒதுக்க முடியாது.

ஆனாலும் சிறு வகுப்புகளுக்கு என் ஓட்டு மாதிரித் தேர்வுக்குத்தான். எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் திணறுகிறது என்பது தினமும் கூடவே இருக்கும் ஆசிரியருக்குத் தெரியும். தேர்வு முடிவோ பெரும்பாலும் அந்தக் கல்வியாண்டு முடிந்த பிறகுதான் வருகிறது.