ரிலையன்ஸ் பீச்: ஸ்காபரோ வளவுக்குச் சரிவருமா?

சரிவரும். ரொறன்ரோக் குளிரில் வளவில் ஒரேயொரு பீச் மரத்துக்குத்தான் இடம் என்றால் நான் ரிலையன்ஸைத்தான் வைக்கச் சொல்லுவேன். ருசியில் இதை வெல்லும் வகைகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லா வருடமும் காய்ப்பதில்லை.

நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகம் 1964இல் வெளியிட்ட வகை இது. கடுங்குளிரில் பீச் மரம் தப்பிவிடும், பூமொட்டுத்தான் சாகும். -25 பாகை செல்சியஸுக்குக் கிட்டப் போனால் பல வகைகளில் மொட்டு உள்ளுக்குள்ளேயே கறுத்துவிடும். மாசிக் கடைசியில் ஒரு மொட்டைப் பறித்து பிளேட்டால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மண்ணிறப் புள்ளி விழுந்திருந்தால் அது பூக்காது. தம்பி வீட்டில் நிற்கும் ரெட்ஹேவன் என்ற இன்னொரு பீச் வகையில் பாதி மொட்டு கறுத்துப்போன பனிக்காலத்திலும் என்னுடைய மரத்தில் வெட்டிப் பார்த்தவை அநேகமாகப் பச்சையாகவே இருந்தன.

வசந்தத்தில் வரும் பிந்திய உறைபனிக்கு மட்டும் ரிலையன்ஸாலும் ஈடுகொடுக்க முடியாது. விரிந்த பூவுக்கு -3, -4 பாகையே போதும், கருகிவிடும். அதனால் சூடு பிடிக்கும் தெற்குச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அங்கே பூ முந்தி விரிந்து மாட்டிக்கொள்ளும். வெய்யிலும் விழவேண்டும், சுவரின் சூடும் படக்கூடாது. எங்கள் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கும், பீச் வேர் அதைத் தாங்காது. மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுவதுதான் நல்லது.

கன்று எழுபது டொலருக்குக் கிட்ட வந்தது. ஒட்டு சுத்தமாக இருந்தது, வேரும் நல்லாயிருந்தது. ஆனால் கடைக்காரர் கட்டிவிட்ட அட்டையில் குளிர் தாங்கும் என்று பெரிதாகப் போட்டவர்கள் இலைச்சுருள் நோயைப் பற்றி ஒரு வரி போடவில்லை. இந்த மரத்தை வாங்குகிறவருக்கு முதலில் சொல்லவேண்டியதே அதுதான். இலை தடித்து, சிவந்து, அப்பளம் பொரிந்த மாதிரிக் கொப்பளித்து உதிரும். கண்ணுக்குத் தெரிந்தபிறகு மருந்தடித்துப் பயனில்லை. பங்கசு பட்டையிலும் மொட்டிலும் குளிர்காலம் முழுக்க ஒளித்திருந்து, மொட்டு வீங்கும்போது மழையோடு உள்ளே போய்விடுகிறது. இலை கொட்டி முடிந்ததும், அல்லது மொட்டு வீங்க முதல், செப்பு மருந்தைக் கொப்புக் கொப்பாக நனைய அடிக்கவேண்டும்.

மற்ற வேலை இரண்டுதான். போன வருடம் வளர்ந்த கொப்பில்தான் பீச் காய்க்கும், ஆகையால் ஒவ்வொரு வசந்தத்திலும் துணிந்து வெட்டவேண்டும். காய் பெருவிரல் நகமளவு வந்ததும் ஒரு சாணுக்கு ஒன்று விட்டு மிச்சத்தைக் கிள்ளிவிடவேண்டும். அம்மாவுக்கு இது பொறுக்காது, பிஞ்சைக் கிள்ளுவது பாவம் என்பார். ஆனால் கிள்ளாத கொப்பு பாரத்தில் முறிந்துவிடும், பழமும் கொட்டையும் தோலுமாகத்தான் இருக்கும். அணிலுக்கு வலைப் பை கட்டுங்கள்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் பழம் வரும். நிறம் கொஞ்சம் மங்கல், தோலில் சுணை அதிகம், சதை மஞ்சள், கொட்டை இலேசாகக் கழன்றுவிடும். இனிப்புக் குறைவில்லை, ஆனால் நயாகரா ரெட்ஹேவனில் உள்ள அந்தப் புளிப்பும் வாசமும் இதில் இல்லை. கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்போதே அம்மா நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டித் தருவார். எனக்கு ரிலையன்ஸ் அப்படித்தான் பிடிக்கும்.

ஊருக்கு ஒரு கன்று கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். இது பூக்க 7 பாகைக்குக் கீழே ஏறத்தாழ 1000 மணித்தியாலக் குளிர் வேண்டும். நுவரெலியா, ஊட்டிப் பக்கத்தவர்கள் ஃப்ளோரிடாவில் உருவான ஃப்ளோர்டாசன் மாதிரிக் குறைந்த குளிரில் பூக்கும் வகையைத் தேடுவது நல்லது.