கிளாக் டிவைடர்: 4024 சிப்பா, ஆர்டுயினோ நானோவா?

யூரோரேக் சின்தசைசருக்கு (தனித்தனி மாட்யூல்களை ஒரு ரேக்கில் மாட்டி இணைக்கும் மின்னணு இசைக்கருவி) ஒரு கிளாக் டிவைடர், அதாவது தாளத்தை ஓட்டும் பல்ஸ் வரிசையான கிளாக்கை வகுத்து மெதுவாக்கும் மாட்யூல், செய்யலாம் என்று உட்கார்ந்தால் முதலில் இந்தக் கேள்விதான் வந்து நிற்கும்: வெறும் கவுண்டர் சிப்பான 4024-ஆ, நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோ நானோவா? நான் இரண்டு விதமாகவும் செய்துவிட்டேன், இரண்டும் ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

4024 பழைய சிமாஸ் (CMOS) வகைச் சிப், 14 கால். ஒரு பக்கம் கிளாக் கொடுத்தால் 2, 4, 8 என்று 128 வரை வகுத்து ஏழு கால்களில் தந்துவிடும். ரேக்கின் 12 வோல்ட்டிலேயே ஓடும், வோல்டேஜைக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டாம், நிரல் எழுதவும் வேண்டாம். ஆனால் 12 வோல்ட்டில் ஓடும்போது ஏறக்குறைய 6 வோல்ட்டைத் தாண்டினால்தான் அதற்கு அது பல்ஸ். பல மாட்யூல்கள் தருவதோ 5 வோல்ட். இது உறைக்காமல் ஒரு ராத்திரி முழுக்க சிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன், சிப்பின் மேல் ஒரு தப்பும் இல்லை. கிளாக் நுழையும் இடத்தில் 100கே (கிலோஓம்) ரெசிஸ்டரோடு ஒரு டிரான்சிஸ்டர், அதன் கலெக்டர் காலிலிருந்து 12 வோல்ட்டுக்கு 10கே ரெசிஸ்டர், அவ்வளவுதான். இது சிக்னலைத் தலைகீழாக்கும். நல்ல வேளையாக 4024 எண்ணுவது பல்ஸ் இறங்கும்போதுதான், ஆகவே வெளியே கிளாக் ஏறும் அதே நொடியில் உள்ளே எண்ணிக்கை நகர்கிறது.

அப்புறம் தாளம். ரீசெட் செய்து (எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி) எண்ண ஆரம்பித்தால் இரண்டால் வகுத்த வெளியீடு 1, 3, 5-ஆவது பல்ஸில் ஏறும், நான்கால் வகுத்தது 2, 6-இல், எட்டால் வகுத்தது 4, 12-இல். எதுவும் எதோடும் சேர்ந்து விழாது! மூன்று டிரம்மை இணைத்துக் கேட்டால் ஏதோ நொண்டுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வெளியீட்டையும் 40106 என்ற சிப்பின் ஒரு இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் பகுதி) வழியாக எடுத்தால் ஏற்றங்கள் எல்லாம் எட்டாவது எண்ணில் ஒன்றாக விழுகின்றன.

நானோவில் இதெல்லாம் ஒரு வரி மாற்றம்தான். ஸ்விங் (ஒன்றுவிட்ட அடிகளைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது), எட்டு அடியில் மூன்றைக் கூடியவரை சமமாகப் பரப்புவது, முக்கியமாகக் கிளாக்கைப் பெருக்கி வேகமாக்குவது, இவை அதன் ராஜ்யம். சிமாஸில் பெருக்க வேண்டுமானால் 4046 பிஎல்எல் (உள்ளே வரும் வேகத்தோடு தன் வேகத்தைப் பூட்டிக்கொள்ளும் சிப்) போடணும், நிமிடத்துக்கு 120 அடி என்கிற வேகத்தில் அது நிதானத்துக்கு வருவதற்குள் பாட்டே பாதி போய்விடும். நானோ இரண்டு பல்ஸுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து அடுத்ததைக் கணித்துவிடுகிறது. இன்டரப்ட் (பல்ஸ் வந்ததும் செய்கிற வேலையை நிறுத்தி அதைக் கவனிக்கும் ஏற்பாடு) இல்லாமல் எழுதி, கூடவே சின்னத் திரையையும் புதுப்பித்துக்கொண்டிருந்தால் மட்டும் அடிகள் தடுமாறும், முதல் வாரம் எனக்கு அதுதான் நடந்தது.

ஆனால் 440 ஹெர்ட்ஸ் சதுர அலையை 4024-க்குள் விட்டுப் பாருங்கள். 220, 110, 55 என்று ஸ்தாயி ஸ்தாயியாகக் கீழே இறங்கும். என் நானோ ஒவ்வொரு அடிக்கும் 10 மில்லிவினாடி பல்ஸ் தருகிற மாதிரி எழுதியது; 440 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 2.27 மில்லிவினாடிதான், அதற்குள் இது எங்கே நுழையும்? நிரலை மாற்றி எழுதலாம்தான், ஆனால் ஒரு மலிவான சிப் சும்மா செய்கிற வேலைக்கு எதற்கு அந்தப் பாடு?

இப்போது நானோவில் வகுக்கும் பகுதியையே எடுத்துவிட்டேன். பெருக்கலும் ஸ்விங்கும் மட்டும் அதில், அதன் 5 வோல்ட் வெளியீடு நேராக 4024-இன் டிரான்சிஸ்டருக்குப் போகிறது.