ஐலெட் அடிக்கும் கை பிரஸ்: உடம்பு உருப்படி, அச்சில்தான் வில்லங்கம்

பத்தடிக்கு மூன்றடிப் பதாகை ஒன்றை வெளியில் கட்ட, இரண்டடிக்கு ஒரு துளை வேண்டும். மேலே 6, கீழே 6, இரு பக்கமும் நடுவில் ஒவ்வொன்று, ஆக 14 ஐலெட், அதாவது துளை கிழியாமல் இருக்க அதில் பதிக்கும் உலோக வளையம். தைப்பூசத்துக்கு நூறு பதாகை ஆர்டர் வந்தால் 1,400 தடவை கைப்பிடியை இழுக்க வேண்டும். பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ பந்தல் போடும் குழுக்களுக்கும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சின்னதாகப் பதாகைக் கடை நடத்துபவர்களுக்கும் இதற்கு ஏற்ற மலிவான கருவி மேசையில் பூட்டும் கை பிரஸ்தான். சுத்தியலால் தட்டும் செட் இருபது முப்பது ஐலெட்டுக்குத் தாங்கும். அதற்கு மேல் போனால் பாதி கோணலாகும், பக்கத்துக் கடைக்காரரும் சண்டைக்கு வருவார்.

இங்கே பேசுவது ஹார்ட்வேர் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும், பெயர் எதுவும் பொறிக்காத வார்ப்பிரும்பு வகை. கொக்கி போல் வளைந்த உடல், மேலும் கீழும் போய்வரும் ஒரு தண்டு, அதை இறக்கும் நீளக் கைப்பிடி, திரும்ப ஏற்றிவிடும் ஸ்பிரிங், ஐலெட்டை இடையில் வைத்து மடிக்கும் மேல் அச்சு, கீழ் அச்சு. இவ்வளவுதான் மிஷின். அலறிக்கொண்டு வரும் புகார்களில் பெரும்பாலானவை உடம்பைப் பற்றியவை அல்ல. அச்சும் ஐலெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் வருபவை. அதனால் பிரஸ்ஸுக்கு நடுத்தர விலை கொடுங்கள், அச்சுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

வாங்கும்போது கைப்பிடியை அல்ல, தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த ஆட்டத்தை எந்தச் சரிசெய்தலும் போக்காது. உடலில் வளைவு தொடங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பில் விழுந்த விரிசலை வெல்டிங் கடையில் கொடுத்து ஒட்டினாலும் நம்ப முடியாது.

புதுப் பெட்டியைப் பிரித்தவுடன் வேலையைத் தொடங்கினால் முதல் வாரமே தண்டு திணறும். துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய கெட்டிக் கிரீஸோடு வார்ப்பு மணலும், சில சமயம் தண்டு போகும் குழிக்குள் வழிந்த பெயிண்ட்டும் சேர்ந்திருக்கும். ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பூட்டியிருக்கும் ஊசியை (பின்) எடுங்கள். அலட்சியமாக எடுத்தால் ஸ்பிரிங் தெறிக்கும். தண்டை உருவி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் தண்டையும் குழியையும் வழித்துத் துடையுங்கள். குழிக்குள் பெயிண்ட் இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேயுங்கள், இரும்பைத் தேய்க்காதீர்கள். பிறகு தண்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, ஊசிக்குக் கொஞ்சம் கிரீஸ். டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் போதும் என்பார்கள். அழுக்கைக் கழுவ அது நல்லது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்; தினமும் நூற்றுக்கணக்கில் உரசும் தண்டுக்கு அது எண்ணெய் ஆகாது.

மேசையில் பூட்டுவதில்தான் பலர் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். ஒற்றை 18 மிமீ பிளைவுட்டில் மர ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் ஒவ்வொரு இழுப்புக்கும் பலகை வளையும். கையின் பலம் பலகையை வளைப்பதிலேயே போய்விடும், ஐலெட் பாதிதான் மடியும். இரண்டு 18 மிமீ பலகையைச் சேர்த்து ஒட்டி, எம்8 (8 மிமீ) போல்ட்டை முழுக்கத் துளைத்து, அடியில் அகல வாஷர் வைத்து நட்டு போடுங்கள். கைப்பிடி கடைசியாக இறங்கும் இடம் நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் தோள் தப்பிக்கும்.

அடுத்து அச்சை நேர்செய்வது. கீழ் அச்சின் பக்க ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். ஒரு ஐலெட்டையும் அதோடு சேரும் வளைய வாஷரையும் துணியில்லாமல் வைத்து, கைப்பிடியை மெதுவாக இறக்குங்கள். மேல் அச்சின் முனை ஐலெட்டின் குழலுக்குள் புகும்போது கீழ் அச்சு தானாக நகர்ந்து நேராக உட்காரும். கைப்பிடியை அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஸ்க்ரூவை இறுக்குங்கள். இதற்கு இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. சரியாக வந்ததா என்று பார்க்க, வெறும் கீழ் அச்சின் மேல் வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் வைத்து லேசாக ஒரு அழுத்து. வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பாக விழ வேண்டும். ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெளிறினால், அந்த வெளிறிய பக்கம்தான் நாளைக்குப் பதாகையில் மடியாமல் நிற்கப் போகிற பக்கம்.

குழல் பூவிதழ் போலப் பிளந்து நிற்பதுதான் அதிகம் கேட்கும் குறை. உடனே எல்லாரும் பலத்தைக் கூட்டுகிறார்கள், பிளவு பெரிதாகிறது. பாருங்கள், மேல் அச்சின் வளைந்த பள்ளத்தில்தான் குழல் சறுக்கிச் சுருள வேண்டும். அங்கே கீறலோ துருவோ இருந்தால் உலோகம் சறுக்காமல் கிழியும். 600 நம்பர், பிறகு 1200 நம்பர் தண்ணீர்த் தாளால் பள்ளத்தைச் சுற்றுவாக்கில் தேய்த்து, மெட்டல் பாலிஷ் போட்டுக் கண்ணாடி போல ஆக்குங்கள். அப்படியும் பிளந்தால் குழல் நீளம் அதிகம், அல்லது ஐலெட்டின் உலோகமே மட்டம். கையடக்க லென்ஸில் பார்த்தால் இரண்டு மூன்று மெல்லிய கீற்றுகள் தெரிவது பரவாயில்லை. கயிறு உரசும் இடத்தில் விரல் வைத்தால் குத்தினால்தான் ஆபத்து, இரண்டு நாள் காற்றில் கயிறு அறுந்துவிடும்.

ஐலெட் விரலால் சுழற்றினால் சுற்றுகிறதா? தண்டின் இறக்கம் போதவில்லை, அல்லது விளிம்பு மடிக்காமல் ஒற்றையாக இருக்கிறது. பதாகை விளிம்பை 3 செ.மீ. மடித்து ஒட்டினால்தான் வாஷரின் பல்லுக்குப் பிடிமானம் கிடைக்கும். மடித்த இடத்தில் நடுவில் துளை போடுங்கள். ஓரத்துக்கு நெருக்கமாகப் போட்டால் காற்று இழுக்கும்போது துளையோடு பிய்த்துக்கொண்டு போகும். வாஷர் தலைகீழாக இருந்தாலும் சுற்றும்: அதன் மேடான பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், பள்ளமான பக்கம் துணியைப் பார்க்க வேண்டும்.

மாறாக ஐலெட்டைச் சுற்றித் துணி வட்டமாக வெட்டுப்பட்டால் இறக்கம் மிஞ்சிவிட்டது. தண்டின் தலையில் நட்டு உள்ள மாடலில் கால் சுற்று திருப்பினால் போதும். நட்டு இல்லாத மாடலில் இறக்கத்தைக் கூட்ட ஒரு மலிவான வழி உண்டு. குளிர்பான டின்னை வெட்டி எடுத்த தகடு கிட்டத்தட்ட 0.1 மிமீ கனம். அதிலிருந்து வட்டம் வெட்டிக் கீழ் அச்சுக்கு அடியில் ஒவ்வொன்றாக வையுங்கள், குறைக்க ஒவ்வொன்றாக எடுங்கள். எதைச் செய்தாலும் கைப்பிடியில் குழாய் செருகி நீளமாக்காதீர்கள். இரண்டு கையால் தொங்கினால்தான் மடிகிறது என்றால் வேறு எங்கோ தப்பு இருக்கிறது, உடலோ ஊசியோ அதற்குப் பலியாகும்.

ஐலெட் வாங்கும்போது ஒரு காந்தம் கையில் இருக்கட்டும். கப்பென்று ஒட்டினால் இரும்பு மேல் முலாம், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை அல்லது அலுமினியம். இரும்பு ஐலெட் கூடாரத்துக்குள் கட்டும் பதாகைக்கு ஆகும். வெளியில் ஒரு மாதம் தொங்கும் பதாகைக்குப் போட்டால், நம்ம ஊர் மழையில் முருகன் முகத்தின் மேல் துருத் தண்ணீர் வழியும். அலுமினியம் சுலபமாக மடியும், சுலபமாகவே விரியவும் செய்யும். பித்தளைதான் சரி, விலையும் அப்படித்தான்.

'10 மிமீ' என்று எழுதியதை மட்டும் நம்பி வேறு வேறு இடத்தில் ஐலெட்டும் அச்சும் வாங்குவது வீண் வேலை. அந்த எண் உள்துளை. வெளி விளிம்பின் அகலமும் குழலின் உயரமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அச்சு வாங்கும் கடையிலேயே ஐலெட்டும் வாங்குங்கள், பழைய பையில் பத்து ஐலெட்டை மாதிரிக்கு வைத்து, அடுத்த மூட்டை வந்ததும் காலிப்பரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

துளை போடும் வெட்டு அச்சு தனியாக வந்தால் அதன் கீழே பிளாஸ்டிக் கட்டைதான் இருக்க வேண்டும். இரும்பின் மேல் ஒரு தடவை இறங்கினாலும் வாய் மழுங்கும். பிவிசி பதாகைக்குள் பாலியெஸ்டர் நூல் வலை இருப்பதால், வாய் மழுங்கியதும் துளை ஓரத்தில் நூல் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு குழலோடு மாட்டி ஒரு பக்கம் மடியாமல் செய்யும். வெளிச் சரிவை மட்டும் மெல்லிய சாணைக்கல்லில் உருட்டித் தீட்டுங்கள், உள்பக்கத்தைத் தொட வேண்டாம். கட்டையில் பள்ளம் விழுந்தால் திருப்பி வையுங்கள்.

கைப்பிடி ஏற மறுத்தால் ஸ்பிரிங்கைத் திட்டுவதற்கு முன் தண்டைத் துடைத்துப் பாருங்கள். வினைல் தூளும் பழைய எண்ணெயும் சேர்ந்து பசையாகியிருக்கும். வாரம் ஒருமுறை துடைத்து ஒரு சொட்டு எண்ணெய், அதற்கு மேல் ஊற்றினால் பதாகையில் சொட்டும். பினாங்கில் கடலோரக் கடை என்றால் வேலை முடிந்ததும் அச்சுகளைக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவிடுங்கள். ஒரே இரவில் பள்ளத்தில் படியும் துருதான் மறுநாள் குழலைப் பிளக்கிறது.

நாளுக்கு இருநூறு முந்நூறு ஐலெட் வரை இந்தப் பிரஸ் தாராளமாகத் தாங்கும், வாங்கலாம். தினமும் ஆயிரம் அடிக்கிற கடைக்குக் கால் மிதி பிரஸ்ஸோ காற்றழுத்த மிஷினோ பார்க்க வேண்டும். இங்கே மிஷின் தாங்கினாலும் மணிக்கட்டு தாங்காது. சீசனுக்கு முன் மேசை இழுப்பறையில் உதிரி ஸ்பிரிங் இரண்டு, கைப்பிடி ஊசிக்குப் பதிலாகப் போட அதே கனத்தில் 8.8 தர (உறுதியான எஃகு) போல்ட் ஒன்று, பக்க ஸ்க்ரூவுக்கான ஆலன் கீ ஆகியவை கிடக்கட்டும். தைப்பூச வாரத்தில் இரவு பதினொரு மணிக்கு எந்த ஹார்ட்வேர் கடையும் திறந்திருக்காது.