ஜோன்ஸ் கவுண்டர்: நான்கு வருடப் பழக்கத்தில்

கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்று சீராக ஓடிக்கொண்டிருந்த ஓர் ஓட்டப் போட்டியில், 6-வது கிலோமீட்டர் 4:36 என்று வாட்ச் காட்டியது. பயந்துபோய் வேகத்தைக் குறைத்தேன். அடுத்தது 5:41. அளந்த இடத்தை விட்டு, கட்ட வசதியாக இருந்த கம்பத்தில் 80 மீட்டர் முன்னாலேயே கிலோமீட்டர் அட்டையைக் கட்டியிருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் பாதை அளக்கக் கற்றேன், இந்தக் கவுண்டரையும் வாங்கினேன்.

சக்கரம் சுற்றுவதை எண்ணிப் பாதையின் தூரத்தை அளக்க 1971-இல் ஆலன் ஜோன்ஸ் உருவாக்கிய கருவி இது. சைக்கிளின் முன் சக்கர அச்சில் மாட்டவேண்டும். என்னிடமுள்ள வகையில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் 23.6 எண் ஏறும். என் டயருக்கு ஓர் எண் என்பது சுமார் 9 சென்டிமீட்டர். கட்டடங்களுக்கு நடுவே தடுமாறும் ஜிபிஎஸ்ஸிடம் இந்த நுணுக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பொறுமை வேண்டும். வெயில் ஏற ஏற டயர் உப்பும், அதே தூரத்துக்கு எண் குறையும். அதனால் எஃகு டேப்பால் அளந்த 300 மீட்டர் நேர்ப்பாதையில் வேலைக்கு முன் நான்கு முறை, பின் நான்கு முறை ஓட்டிச் சரிபார்க்கிறேன். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகச் சேர்ப்பது விதி. அதை ஒவ்வொரு கிலோமீட்டர் குறியிலும் சேர்க்கவேண்டும். முடிவுக்கோட்டில் மட்டும் சேர்த்தால், மாரத்தானில் 42 மீட்டர் மொத்தமும் கடைசித் துண்டின் தலையில் விழும். களைத்து வருகிறவருக்கு அது பெரிய அநியாயம்.

குறைகள் இல்லாமல் இல்லை. எண்கள் சிறியவை, குனிந்துதான் படிக்கவேண்டும். பல்சக்கரத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி உருட்டி வந்து படிப்பேன்.

பாதையின் நடுவே வரும் கிலோமீட்டர் இடங்களைக் குறிக்க இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும். கூடவே சுத்தியல், குறியில் அடிக்க வாஷர் கோத்த கான்கிரீட் ஆணி, பெயின்ட், ஒரு நோட்டு. எந்த எண் விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதி வைத்துவிட்டால், பெயின்ட் அழிந்த பிறகும் ஆணியைத் தேடி எடுத்துவிடலாம்.