முயலுக்குத் தையல் போட்டபின்: கூம்பா, சட்டையா, சும்மா விடுவதா?

எங்கள் முயல் பஞ்சுவுக்குக் கருப்பை எடுத்த அன்று மாலை, தையலைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டித்தான் கையில் கொடுத்தார்கள். நாய், பூனைக்கெல்லாம் இதைத்தானே மாட்டுகிறார்கள் என்று நானும் வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அது ஒரு புல்லைக்கூட வாயில் வைக்கவில்லை. மூலையில் போய் அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பயமில்லை. முயல் அப்படியில்லை. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஓட்டம் தளர்ந்து, வாயு சேர்ந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். (முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் அறுவை சிகிச்சைக்கு முன்பும் அதைப் பட்டினி போடத் தேவையில்லை.) தையலைக் காக்க எந்த வழி என்றாலும், அது முயலைச் சாப்பிட விடுமா என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

கூம்பு தையலை நன்றாகவே காக்கும். ஆனால் முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். நாம் பெருக்கித் தள்ளும் காய்ந்த உருண்டை ஒன்று. மற்றது மென்மையாக, திராட்சைக் கொத்து போல ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே குனிந்து வாயால் எடுத்துத் தின்றுவிடும். பி வைட்டமின்களும் கொஞ்சம் புரதமும் அதிலிருந்து கிடைக்கின்றன. கூம்பு போட்டால் அங்கே வாய் எட்டாது. புல்லும் தண்ணீர்க் கிண்ணமும் விளிம்பில் இடிக்கும். தையலைப் பிரித்தே தீருவேன் என்று கடிக்கும் முயலுக்கு மட்டும், அதுவும் மெத்தென்ற துணிக் கூம்பாக, சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் இருந்து கழற்றிவிடுவதாக இருந்தால் சரி.

கைக்குழந்தையின் பருத்திச் சட்டையை வெட்டி மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. வாய்க்குத் தடையில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றும். சித்திரை வெயிலில் சட்டை அதற்குத் தண்டனை. சிறுநீரில் நனைந்தால் காயத்துக்கும் ஆகாது. துணியையே கடித்து விழுங்கும் முயல்களும் இருக்கின்றன. குளிர்ந்த அறையில், காலையும் மாலையும் மாற்றிவிட ஆள் இருந்தால் போடலாம்.

என்னைக் கேட்டால், ஒன்றும் மாட்டாமல் விடுவதுதான் நல்லது. ஆனால் அதற்கான ஏற்பாட்டை அறுவை சிகிச்சைக்கு முன்பே செய்ய வேண்டும். தானே கரையும் நூலால், தோலுக்கு அடியில் உள்தையல் போடுவார்களா என்று கேளுங்கள். வெளியே முடிச்சு இல்லாவிட்டால் கடிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்புறம் வலி மருந்து. வலித்தால்தான் அங்கேயே வாய் போகும். பெரும்பாலும் மெலோக்சிகாம் கொடுப்பார்கள். எடை பார்த்து மருத்துவர் சொன்ன அளவை வேளை தவறாமல் கொடுங்கள், நம் வீட்டு மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு நாள் யாராவது வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம். காயம் சிவந்தாலோ, வீங்கினாலோ, ஈரம் கசிந்தாலோ உடனே தெரிய வேண்டும்.

படுக்கைக்கு மரத்தூள் வேண்டாம், காயத்தில் ஒட்டும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கித் தையல் இழுபடும். பழைய பருத்தித் துண்டு போதும்.

அன்றிரவு வேறொரு மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். கூம்பைக் கழற்றச் சொன்னார். அப்படியும் சாப்பிடாவிட்டால், தீவன உருண்டையை வெந்நீரில் கூழாக்கி, ஆறியதும் ஊசியில்லாத சிரிஞ்சால் முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். அதற்கு அவசியம் வரவில்லை. கழற்றிய அரைமணி நேரத்தில் கொத்தமல்லித் தழையை இழுத்துத் தின்றது. விடியற்காலையில் துண்டின்மேல் ஏழு புழுக்கைகள் கிடந்தன. மிளகளவுதான். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் தூங்கப் போனேன்.