நாய்ச் சிறுநீர் வாடைக்கு என்சைம் திரவம்: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுத்து அழைத்து வந்து, அது வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறது என்று சொன்னால், செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடையில் பெரும்பாலும் என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். நாங்கள் முதலில் தெளிப்பான் பொருத்திய புட்டியையும், பின்னர் அதே தயாரிப்பின் பெரிய கேனையும் வாங்கிப் பயன்படுத்தினோம். பொருளில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் 'தெளியுங்கள், துடையுங்கள், அவ்வளவுதான்' என்று புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதன்படி நடந்தால் வாங்கிய காசு வீண்.

எங்கள் நாய் வளர்ந்த ஆண் நாய். பல்லைப் பார்த்து இரண்டு வயதிருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். வெளியே கூட்டிச் சென்றால் ஒழுங்காகப் போய்விட்டு வரும். உள்ளே வந்ததும் சோபாவின் பின்கால் இருக்கும் மூலைக்கு நேராகச் சென்று, மூக்கைத் தரையில் ஒட்டிவைத்துச் சிறு சிறு மூச்சாக இழுத்து, உடலை அரைவட்டமாகத் திருப்பிக் காலைத் தூக்கிவிடும். அந்த மூலை அதற்கு முன்பே சோப்பு நீராலும் பினாயிலாலும் துடைக்கப்பட்டிருந்தது. நமக்கு அங்கே பினாயில் மணம் மட்டும்தான் தெரியும். நாய்க்கோ, அதன் அடியில் மிச்சமிருக்கும் பழைய வாடை தெளிவாகத் தெரிகிறது. பினாயிலில் வேறொரு சங்கடமும் உண்டு: தரையில் படிந்ததைப் பாதத்திலிருந்து நாய் நக்கி விழுங்கினால் உடம்புக்குக் கெடுதல்.

இந்தத் திரவம் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால், ஏன் உடனே துடைக்கக் கூடாது என்பது விளங்கிவிடும். நாயின் சிறுநீரில் தண்ணீர் போக யூரியா, கிரியாட்டினின், உப்புகள், சிறிதளவு புரதம் முதலியவை இருக்கின்றன. நேரம் ஆக ஆக, பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக மாற்றுவதால்தான் அந்தக் காரமான நெடி எழுகிறது. திரவத்தில் உள்ள என்சைம்கள் வாடைக்குக் காரணமான கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன; பல தயாரிப்புகளில் தீங்கற்ற பாக்டீரியாக்களையும் சேர்த்திருப்பார்கள், அவை ஈரம் இருக்கும்வரை மேலும் என்சைம்களைச் சுரந்து மிச்சத்தை உண்டு தீர்க்கும். ஈரம் காய்ந்தால் வேலை நின்றுவிடும். ஆகவே தெளித்த கையோடு துடைப்பது, மருந்தை வாயில் ஊற்றிவிட்டு விழுங்குவதற்குள் துப்புவதற்குச் சமம். என்சைம்களும் பாக்டீரியாக்களும் செயலிழந்துவிடும் என்பதால், கிருமிநாசினி போட்டுத் துடைத்த இடத்தில் அதைக் கழுவி எடுக்காமல் இத்திரவத்தை ஊற்றினாலும் பயன் குறைந்துவிடுகிறது. கொதிநீர் கலந்தாலும் அப்படியே.

யூரிக் அமிலப் படிகங்களைக் கரைக்கும் என்று புட்டியில் பெருமையாகப் போட்டிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரும்பாலான நாய்களின் உடலில் யூரிக் அமிலம் கல்லீரலிலேயே, நீரில் எளிதில் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக மாறிவிடுகிறது. டால்மேஷியன் இனம் இதற்குப் பேர்பெற்ற விதிவிலக்கு. எனவே நாய் படம் போட்ட புட்டியில் அந்த வாசகம் விளம்பர அலங்காரம் என்ற அளவிலேயே எனக்குப் படுகிறது. அதற்காகத் திரவம் பயனற்றது என்று ஆகிவிடாது.

நாங்கள் கடைப்பிடித்த முறை இதுதான். புதிதாகக் கழித்த ஈரம் என்றால், பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஒற்றியெடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசி ஒற்றிவிட்டு, சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குமோ அவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்படி திரவத்தைத் தாராளமாக ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பல மணி நேரம் அப்படியே விட்டோம். இதற்குத் தெளிப்பான் கொஞ்சமும் உதவவில்லை. அதிலிருந்து வருவது பனிப்புகை போன்ற மெல்லிய தூவல். மேற்பரப்பு நனைவதோடு சரி, விசை வேறு சீக்கிரமே இறுகிக் கசியத் தொடங்கிவிட்டது. கேன்தான் வாங்கத்தக்கது. லாவண்டர் மணம் சேர்த்ததும் மணம் சேர்க்காததும் கிடைக்கின்றன; மணம் சேர்த்ததை முகர்ந்து நாய் தும்மிக்கொண்டே இருந்தது என்பதோடு, வாடை போயிற்றா மறைந்திருக்கிறதா என்று நமக்கும் தெரிவதில்லை.

பளபளப்பான பீங்கான் ஓடுகளில் பலன் உடனே தெரிந்தது. ஓடுகளுக்கு இடையே சிமென்ட் பூசிய இணைப்புகளில் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. முதல் நாள் வாடை குறைவதற்குப் பதில் சற்றுக் கூடியதுபோல் இருந்து, பிறகே அடங்கியது. இந்தத் திரவத்தோடு ஒரு புற ஊதா டார்ச்சும் வாங்கிக்கொள்வது நல்லது. இருட்டில் அடித்துப் பார்த்தபோது, தரையில் நாங்கள் அறிந்திருந்த வட்டம் மட்டுமல்லாமல், சுவரின் அடிப்பட்டையில் முழங்கால் உயரத்திலிருந்து வழிந்த கோடுகளும், சோபாக் காலின் உட்புறத்தில் திட்டுத்திட்டாகச் சில தடங்களும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தன. சலவைத் தூளின் எச்சமும் இதேபோல் ஒளிரும் என்பதால், குனிந்து முகர்ந்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் இதற்கெல்லாம் கூச்சப்பட முடியாது.

திரவம் தீர்ந்த அவசரத்தில் பிளீச்சிங் கரைசலைக் கையிலெடுக்க வேண்டாம். அது சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சுவாயு உண்டாகும். அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்களோ சிறுநீரின் நெடியையே நினைவூட்டி நாயை அதே இடத்துக்கு இழுக்கக்கூடும். வினிகர் பளிங்குத் தரையை அரித்துவிடும்.

இனி, எந்தப் புட்டியாலும் ஆகாதது. இத்திரவம் பழைய இடத்தின் அழைப்பை அழிக்குமே தவிர, நாய் ஏன் கழிக்கிறது என்ற காரணத்தை அழிக்காது. தரையில் பெரிய தேக்கமாக இருந்தால் ஒன்று, செங்குத்தான பரப்பில் சிறிதளவு மட்டும் இருந்தால் இன்னொன்று: முன்னது அடக்க முடியாததையோ வெளியே அழைத்துச் செல்லும் இடைவெளி நீண்டதையோ காட்டலாம், பின்னது பெரும்பாலும் எல்லை குறிப்பது. தூங்கி எழுந்த இடம் நனைந்திருந்தால், குறிப்பாகக் கருத்தடை செய்த பெண் நாயாக இருந்தால், சிறுநீர்க்குழாயின் இறுக்கத் தசை தளர்ந்திருக்கலாம். நாம் குனிந்து தொடப் போகும்போது மட்டும் சொட்டினால் அது அச்சத்தின் அடையாளம். சிறுநீர்ப்பாதைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் முதலில் இப்படித்தான் வெளிப்படலாம் என்பதால், கேன் வாங்குவதற்கு முன்பே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது புத்திசாலித்தனம். பழைய இடத்தில் பழகியிருந்தாலும் புது வீட்டில் எது உள், எது வெளி என்று நாய்க்குத் தானாகத் தெரியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போய், கழித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் கொடுத்துத்தான் பழக்க வேண்டும். பிறகு கண்டுபிடித்துத் திட்டுவதால், நம் கண்ணில் படாத மூலையைத் தேடிக்கொள்ள மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

மொத்தத்தில், மணம் சேர்க்காத கேனை மீண்டும் வாங்குவேன். தெளிப்பான் புட்டியை வாங்க மாட்டேன். மெத்தைக்கு மட்டும் இதை நம்ப முடியவில்லை. பஞ்சின் அடிவரை இறங்கும் அளவுக்கு ஊற்றினால் மெத்தை காய்வதற்குள் புதிதாகப் பூஞ்சை வாடை சேர்ந்துவிடுகிறது; அதற்கு நீர் புகாத உறையை முதலிலேயே போட்டுவிடுவதுதான் வழி.